ஏழெழுத்து

முருகன்குறிச்சி முக்கில் என் கல்பட்டறை.
எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
சிலுவைக்கும் புறாவுக்கும் தனி ரேட்.

சேகரத்து ஐயர் எழுதிக் கொடுத்த சீட்டை
எமிலி சொர்ணம் நீட்டினாள்: MCMXCIX.
"என்ன அண்ணாச்சி இது, வருசமா, வண்டி நம்பரா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது.
பெரிசுக்குப் பின்னால சின்னது நின்னா கூட்டணும்,
முன்னால நின்னா கழிக்கணும்.
ரெண்டாவது M-க்கு முன்னால C நிக்கி பாருங்க,
நூறைத் தின்னுட்டுது."

டிசம்பர் முப்பத்தொண்ணு,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி,
ராத்திரி பதினொண்ணே முக்கால்.
கால்மணி நேரம் தாங்கியிருந்தால்
MM.
எண்பது ரூபாயோடு முடிந்திருக்கும்.
நான் சொல்லவில்லை.
அவளே விரல்விட்டு எண்ணிவிட்டாள்.

"கோயிலுக்குப் போகையிலயும்
பத்தடி முன்னாலதான் நடப்பாவ."
C-யின் மேல் விரலை வைத்தவள்
எடுக்கவில்லை.

பிறகு:
"ஏழையும் வெட்டுங்க.
அடியில எனக்கும் இடம் விடுங்க.
பின்னாலதான வாரேன், கூட்டல்தான."

சாக்பீஸோடு குனிந்தவன் அப்படியே நிற்கிறேன்.
இரண்டு M-க்கு அப்புறம்
எத்தனை விரற்கடை விட?
கேட்கிற கேள்வியா அது?