தாக்கல்

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டால்
கப்பல்கள் நகராது.
வழக்குகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

மாவட்ட நீதிமன்றத்தின் மூன்றாவது ஜன்னலில்
முத்திரை குத்துகிறவள் நான்.
தேதி, நேரம், கட்டண ரசீது.
ஊழியர்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதென்று
என் தலைக்கு மேல் ஒரு பலகை.
சொல்லக் கூடாது. படிக்கலாம்.

டௌனோ கெஸ்கிடாலோவின் சலவைக்கடை வழக்கு
இரண்டு குளிர்காலம் கண்டது.
பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில்
ஏப்ரல் ஆறாம் தேதி இரவு பம்பு நின்றது.
உருகிய பனியெல்லாம் அவர் நிலவறைக்குள் இறங்கி
பதினோரு இயந்திரங்களும் முழுகின.
அவ்வளவுதான் கதை.

கிடங்கின் வக்கீல்கள் மினியாபொலிஸிலிருந்து வருவார்கள்,
சேறு படாத காலணிகளோடு.
வழக்கைத் தள்ளுபடி செய்ய ஒரு மனு.
வேறு மாவட்டத்துக்கு மாற்ற ஒரு மனு.
அவகாசம் கேட்டு ஒன்று,
கொடுத்த அவகாசம் போதவில்லையென்று இன்னொன்று.
நிபுணர் சாட்சியை நீக்க,
ஆவணங்களை மூடிவைக்க,
போன மனுவின் எழுத்துப்பிழையைத் திருத்த.
குத்திக் குத்தி என் மணிக்கட்டு வீங்கும்.
எல்லாம் தாக்கல்.
எதுவும் எதையும் தாக்கவில்லை.

பெரிட் ஹோவ்லண்ட், கெஸ்கிடாலோவின் வக்கீல்,
ஆப்பிள் பெட்டியில் கோப்பைச் சுமந்து வருவாள்,
பனிக்காலணியிலிருந்து தரையெல்லாம் சொட்ட.

பிப்ரவரியில் ஒருநாள் அவளும் கொண்டுவந்தாள்
நாற்பத்தொரு பக்கம்:
எதிர்த்தரப்பைத் தண்டிக்கச் சொல்லி.
தொப்பியைக் கசக்கியபடி கெஸ்கிடாலோ
"போடு, எல்லாத்தையும் போடு" என்றார்.
நான் முத்திரையை ஓங்கிவிட்டேன்.
அவள் தாள்களின் மேல் கையை வைத்தாள்.
புரட்டினாள். நின்றாள். மறுபடி புரட்டினாள்.
"இருபத்தொன்பதாம் பக்கம் வரைக்கும்
நாம எதையுமே கேக்கல, டௌனோ."
அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.
அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.
அன்று தாக்கல் ஆகாத அந்த மனுவைத்தான்
இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் வந்தது நாலே பக்கம்.
ஆறாம் தேதி இரவின் பம்புப் பதிவேடு,
அந்த ஒரு தாள் வேண்டும்.
கேட்டு அவள் எழுதிய மூன்று கடிதங்கள்,
"தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற மூன்று பதில்கள்,
தொலைபேசியில் பேசிய நாளும் நிமிடமும்.
கடைசிப் பக்கத்தில், நீதிபதி கையெழுத்திட மட்டும்
இடம் விட்டுத் தட்டச்சு செய்த உத்தரவு.
கொடுமை என்ற சொல் எங்கும் இல்லை.

கோப்பை மேலே கொண்டுபோனவள் நான்தான்.
ஒரு கிடங்கின் பதிவேடுகளைத் தேடுவது
எத்தனை பெரிய சுமை என்று
எதிர்த்தரப்பு இருபது நிமிடம் விளக்கியது.
நீதிபதி லுண்டெபி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"ஒரு தாள் எத்தனை கிலோ இருக்கும்?" என்றார்.
பத்து நாள் கொடுத்தார்.

ஏரியில் பனி விரியத் தொடங்கிய வாரம்
பெரிட் மறுபடி வந்தாள்.
விசாரணையின்றியே தீர்ப்பு கேட்கும் மனு.
அதன் பின்னிணைப்பில் அந்தத் தாளின் நகல்:

1.40 பம்பு நின்றது. மேலாளருக்குப் போன்.
காலையில் பார்க்கலாம் என்றார்.
2.15 மறுபடி போன். எடுக்கவில்லை.
3.07 தண்ணீர் சுவரைத் தாண்டுகிறது.

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

அந்த ஏழை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடம் என் குளிர்பெட்டிக் கதவில்
முட்டை, ரொட்டிக் கணக்கில் ஒட்டியிருந்த ஏழு.
வெய்க்கோ.
அந்த வசந்தத்தில் ஏன் வேலையை விட்டாய்,
ஏன் தூங்குவதில்லை, ஏன் பேசுவதில்லை,
உன் அம்மாவும் இப்படித்தானா என்றெல்லாம்
கேட்கக் கேட்க
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவான்.
நானும் நாற்பத்தொரு பக்கமாகத்தான் கேட்டிருக்கிறேன்.
அந்த இரவு என்ன நடந்தது என்று
ஒரு வரி கேட்கவில்லை.

"ஏதாவது குறையா?" என்றாள் பெரிட்.
இல்லை என்று தலையசைத்தேன்.

முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.
காலை 10.52.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
அடுத்தவர், என்றேன்.