மாநிறம்

சன்னலை மூடு என்கிறார் தலைவர்.
வேண்டாம் என்கிறார் செனோபியா:
டியூப்லைட்டில் எல்லோரும் ஒரு படி வெளுத்துவிடுகிறார்களாம்.
கால் மணி நேரம் திரைச்சீலைக்கே போயிற்று.
பெலோட்டாஸில் இது பிப்ரவரி.
கடற்கரையிலிருந்து நேராக வந்தவர்கள் மேல்
வெயில் கொடுத்த கடன் இன்னும் ஒட்டியிருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர்.
எனக்கு ஓரத்து நாற்காலி. மற்ற நாட்களில்
இதே பல்கலைக்கழகத்தின் மண் ஆய்வுக்கூடத்தில்
குடுவை கழுவுகிறேன், ஈரம் அளக்கிறேன்.
ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள்:
தோலைப் பார். முடியைப் பார். மூக்கை, உதட்டை.
வம்சத்தைப் பார்க்காதே.
கேள்வி கேட்காதே, விடை மட்டும் சொல்.

நூற்று நாற்பத்தேழாம் எண். அடாயில்டன் கெவேடோ.
மருத்துவம். ஒதுக்கீட்டில் மிச்சம் ஒரே இடம்.
கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்து வாசிக்கிறான்:
"நான் கறுப்பு அல்லது மாநிறம் என்று உறுதி கூறுகிறேன்."
'அல்லது' வந்தபோது மட்டும் குரல் இடறியது.
அந்த ஒரு சொல்லுக்குள்தான்
பதினெட்டு வருடம் குடியிருந்தான் போல.

பாலில் எத்தனை சொட்டுக் காப்பி விழுந்தால்
பால் என்ற பெயர் போகும்?

உறையிலிருந்து ஒரு படம் எடுத்தான்.
துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அப்பா.
தொப்பியின் நிழல் எங்கே முடிகிறது
முகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத முகம்.
"உள்ளே வையுங்கள். படம் செல்லாது" என்றார் தலைவர்,
கனிவாகத்தான்.

கேமரா அணைந்தது. கதவுவரை போனவன் நின்றான்.
"அப்பாவோடு போனால்
கடைக் காவலாளி எங்கள் இருவர் பின்னாலும் வருவான்.
தனியாகப் போனால்
எனக்குக் கதவைத் திறந்துவிடுவான்."

யாரும் கேட்கவில்லை. பதிவிலும் இல்லை.
நேரே வந்து என் நிறத்தில் தைத்தது.

இரண்டு ஆம். இரண்டு இல்லை.
என் பேனாவுக்கு மட்டும் மூடி திறக்கவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

நடைபாதைச் சுவர் நெடுக
பட்டம் வாங்கிய மருத்துவர்களின் படங்கள், ஆண்டுவாரியாக.
ஐம்பது வருடத்துச் சட்டங்களுக்குள் தேடித் தேடி
ஒரு முகம் கண்டேன்.
அதுவும் வெளிச்சம் சரியில்லாமல் எடுத்த படமாக இருக்கலாம்.
அந்த ஐம்பது வருடமும் இங்கே
பெயர் வைக்காத ஓர் ஒதுக்கீடு இருந்தது;
அதற்கு ஒருவரும் திரைச்சீலையை இழுத்துப் பார்த்ததில்லை.

அதன் கீழே பெஞ்சில், பட்டியலில் அவனுக்கு அடுத்தவள்.
ரோசிமேரி தூத்ரா. பஜேயிலிருந்து
விடியலுக்கு முன் பேருந்து ஏறியவள்.
மடியில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.
அவனைவிட நாலு புள்ளி குறைவு.
காலையில் வாசலில் நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்:
என்னைத் தலையசைத்து விட்டவர்கள்
அவளிடம் மட்டும் அடையாள அட்டையை
இரண்டு முறை கேட்டார்கள்.

திரும்பி வந்து 'இல்லை' என்று எழுதினேன்.
மண்ணில் ஈரம் இல்லை என்று
குறிப்பேட்டில் எழுதுவேனே, அதே கையெழுத்தில்.

அவள் உள்ளே வந்தாள். வாசித்தாள். உட்காரக்கூட இல்லை.
நாற்பது நொடி, ஐந்து ஆம்.
"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.
இவ்வளவுதான் என்றோம்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அவனுக்கு மேல்முறையீடு உண்டு:
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்,
வேறு ஐந்து பேர்,
கிழக்குப் பார்த்த அறை.

மாலை ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான்,
பாதி உடம்பு கூரையின் நிழலில், பாதி வெளியே.
பார்க்கக் கூடாது என்று
என் செருப்பையே பார்த்துக்கொண்டு கடந்தேன்.

பார்த்துவிட்டேன்.