நீல மை

பெண்டில் ஹில் பள்ளி மண்டபத்தில்
காலை எட்டுக்கே வரிசை.
வாசலில் சொசேஜ் பொரிகிறது.
வெங்காயம் மட்டும் போதும் என்கிறார் ஒருவர்.
எதிரெதிர்க் கட்சிச் சட்டைக்காரர் இருவர்
ஒரே சோஸ் போத்தலுக்குக் கை நீட்டுகிறார்கள்.

எனக்கு மூன்றாம் மேசை.
கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்:
பெயர். முகவரி.
இந்தத் தேர்தலில் ஏற்கனவே வாக்களித்தீர்களா?
இல்லை என்றால் இல்லைதான்.
அட்டை கேட்பதில்லை,
முகத்தை ஒப்பிடுவதில்லை.

பத்தரைக்கு வந்தார் நல்லைநாதன்.
குடியுரிமை எடுத்து நாலு மாதம்.
கையில் கடவுச்சீட்டு, மின்கட்டண ரசீது,
மகனின் கலியாணப் பத்திரிகைகூட.
மூன்றாம் கேள்விக்கு என்னையே பார்த்தார்:
"அதை நீங்கள்தான் பிள்ளை சொல்ல வேணும்.
என்ர பேரில ஆரும் போட்டிட்டாங்களோ?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
ஊரில் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாய் இருந்தவராம்.
ஏழு பேர் வந்துபோன பெட்டியில்
எழுநூறு தாள் எண்ணிக் கையெழுத்திட்டவராம்.
நாளைக்கு மழை என்பதுபோல் சொன்னார்.

இடக்கைச் சுண்டுவிரலை நீட்டினார், மைக்கு.
இங்கே மை இல்லை, ஐயா.
பச்சைத் தாளைக் கொடுத்து
எல்லாக் கட்டத்திலும் எண் போடுங்கோ என்றேன்.
அட்டைத் தடுப்புக்குள் கிடந்த பென்சிலைப்
பூச்சியைப்போல் ஒதுக்கிவிட்டு
சொந்தப் பேனாவைத் திறந்தார்.
அழியக்கூடியதை அவர் நம்புவதில்லை.

இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகத்தையும்
அருகருகே வைத்தால்
ஒரே தையற்காரன் தைத்த இரண்டு கோட்டு.
ஒன்றின் பைக்குள் ஏன் கத்தி முளைக்கிறது,
மற்றதில் ஏன் சொசேஜ்?

அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான்
தேநீர் இடைவேளையில்
நான்காம் மேசை மார்லீன், தருக் குலத்துக்காரி,
தன் அப்பாவுக்கு நாற்பது வயதுவரை
இந்தப் பட்டியலில் பெயரே இல்லை என்றாள்.
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

ஆறு மணிக்குக் கதவடைப்பு.
பெட்டியைக் கவிழ்த்தோம்.
ஆயிரத்துக்கு மேல் சாம்பல் நிற எண்கள்,
நடுவே ஒரு நீலம்.
ஒரேயொரு கட்டத்தில் ஒரு புள்ளடி,
தாளின் மறுபுறம்வரை அழுத்தி.
எண் ஒன்றும் இல்லை.
மறந்தாரோ, மாட்டேன் என்றாரோ.

கட்சிப் பார்வையாளர் கழுத்தை நீட்டினார்.
செல்லாது, என்றார்.
சரிதான், சட்டம் அதுதான்.
யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும்.
வாக்கைக் காக்க அவர் கொண்டுவந்த பேனாவே
அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

செல்லாதவற்றின் அடுக்கில் வைத்தேன்,
குப்புற.

வீட்டுக்கு வர இரவு பதினொன்று.
பெருவிரலில் பென்சில் கரி.
முதல் தண்ணீருக்கே போய்விட்டது.