அடிக்கணக்கு

எங்கள் கடலுக்கு உப்பில்லை.
அலை என்பதும் பேச்சுக்குத்தான்.
சித்திரையில் மெட்ராஸ்காரர்கள்
விசிறியைச் சுழலவிட்டால் இங்கே தண்ணீர் இறங்கும்.
அது எங்கள் வற்றம்.
ஆனியில் மேற்கு மலை தாண்டி மழை வந்தால்
அது பெருக்கு.
நிலவுக்கு இதில் பங்கில்லை.

முப்பத்தொரு வீடு.
அணை கட்ட வந்து, கட்டி முடித்தபின்
ஊருக்குத் திரும்ப மறந்தவர்கள் பாதி.
மீதி, தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் முகாமில் பெயர் கொடுத்து வந்தவர்கள்.
எல்லாருக்கும் இது கரை.
கரைக்குப் போகிறேன், கரையில் சாவு, கரையில் கல்யாணம்.
ஆனால் கரை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதை
காலையில் நான் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

மின்வாரியத்தில் தினக்கூலி நான்.
ஆறரை மணிக்கு, உறைபனிப் புல் காலடியில் நொறுங்க
தூண்வரை நடந்து
அதில் எழுதிய அடியைப் படித்து
நோட்டில் குறித்து ஃபோனில் சொல்வேன்.
மறுமுனையில் ஒருவர் "ம்" என்பார்.
பதினேழு வருஷமாக அந்த ஒரே எழுத்து.

பரிசல் நான்கு, லைசென்ஸ் இரண்டு.
தவராசா வலை இழுத்தால் கண்ணாடிக் கெண்டை,
சில நாள் ஒற்றைச் செருப்பு.
அவர் மனைவி அன்னலெட்சுமி மீன்கூடையோடு ஏறினால்
மஞ்சூர் பஸ் கண்டக்டர் கடைசி சீட்டைக் காட்டுவார்.
இறங்கும்போது அரைக்கிலோ கேட்பார், கடனாக.

அந்த வருஷம் மழை பொய்த்தது.
சேறு சுரண்டித்தான் எண்களைப் படித்தேன்.
மாசிக் கடைசியில் பழைய ரோடு எழுந்தது,
ஒரு மைல்கல்லோடு, ஒரு சின்னப் பாலத்தோடு,
குளித்த நாய் உதறிக்கொண்டு நிற்பதுபோல.
அக்கரைக்கு இரண்டு பஸ், இரண்டு மணி நேரம்;
இப்போது ஒரு பீடி.

முதலில் மாடுகள் போயின.
பிறகு பையன்கள், மட்டையும் பந்துமாக.
அங்கிருந்து வட்டிக்காரர் வந்தார்.
கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கும் பிரதாபன் வந்தான்.
எதற்கு வந்தான் என்று
எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வைகாசி முடிவில், ஒரு காலை
தவராசாவின் மகள் ரதிமலர் தூணருகே நின்றிருந்தாள்.
"ரோடு மூட இன்னும் எத்தனை அடிண்ணே?"
நாலே கால், என்றேன்.
"எத்தனை நாள்?"
அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
வாரியம்கூட இன்றைய அளவோடு சரி.
மேற்கே பார்த்தேன்.
மழை பிடித்தால் ஒன்பது.
அவள் விரல் மடக்கவில்லை, தலையாட்டிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் போனாள்.
பச்சை ஸ்வெட்டர், ஒரு பை, அம்மாவின் மீன்தராசு.
தராசை ஏன் எடுத்தாள் என்று இன்னும் கரையில் பேச்சு.
மறுநாள் ரோடு இல்லை.

தவராசா என் வாசலில் வந்து நின்றார்.
கத்துவார் என்றிருந்தேன்.
"நோட்டைக் காட்டு."
அந்த வாரப் பக்கத்தில் விரல் வைத்து
அறுந்த வலைக்கண் தேடுவதுபோல்
ஒவ்வொரு எண்ணாகப் போனார்.
"நீ தப்பா எழுதலையே?"
இல்லை, என்றேன்.
அதற்குமேல் நான் சொல்லவில்லை.

இப்போது தூணுக்குக் கழுத்துவரை தண்ணீர்.
தவராசா பரிசலில் பாதித் தூரம் போய்
ரோட்டுக்கு நேர்மேலே வலை போடுகிறார்.
அங்கே மீன் கிடையாது, அவருக்கே தெரியும்.
மஞ்சூர் சந்தையில் அக்கரைப் பெண் ஒருத்தி
தராசு முள் நடுங்காமல் நிறுத்துக் கொடுக்கிறாளாம்.
அன்னலெட்சுமி சொல்கிறாள், பெயரை விட்டுவிட்டு.

இன்று காலை எண்ணைச் சொன்னேன்.
"ம்" என்றார்.
நான் ஃபோனை வைக்கவில்லை.
அங்கே வெயில் எப்படி சார், என்று கேட்டுவிட்டேன்.
பதில் வரவில்லை.
அவர் தலைக்குமேல் விசிறி சுழலும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.