தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

காலை ஏழரைக்கே வரிசை
கேட்டைத் தாண்டி மருதானை வீதிக்கு வளைந்துவிடும்.
பிறஷர், சீனி, கால் வீக்கம்,
இரவு முழுக்க இருமினவர்கள்.
என் மேசைக்கு வரிசை இல்லை.
மருந்து எடுத்துத் திரும்புகிற வழியில்
தூணுக்குப் பின்னால் கிடக்கிறது.
ஐம்பது தாண்டின முகமாய்ப் பார்த்து
நான்தான் கூப்பிட வேணும்.

எந்தச் சொல்லால் என்பதில்
முதல் நாள் தொட்டுத் தடுமாற்றம்.
துண்டில் ‘மல மாதிரி’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.
எது மாதிரி, என்று கேட்டார்
ஜிந்துப்பிட்டி இரும்புக்கடைக்காரர்.
டொக்டர் சிங்களத்தில் சத்தமாய்ச் சொன்னதைத்
தமிழில் இறக்கும்போது
குரல் தானாகத் தணிகிறது.
வெளிக்குப் போறதில கொஞ்சம்,
ஒரு அரிசியளவு, இந்தக் குச்சியால.
அவர் சுற்றிவரப் பார்க்கிறார்.
நானும் பார்க்கிறேன்.

ரத்தம் போகேல்லையே மிஸ்.
கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஐயா.
நோவும் இல்லையே.
நோ வந்த பிறகு எங்கே அனுப்புவோம் என்று
நான் சொல்வதில்லை.
மஹரகம என்று வாய் திறந்தால்
போத்தலை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.
நூற்று முப்பத்தெட்டாம் பஸ்ஸின் பலகையில்
அந்தப் பெயர் வரும்போது
கண்ணை வேறு பக்கம் திருப்புகிறவர்களை
எனக்குத் தெரியும்.

கிராண்ட்பாஸ் தோட்டத்துப் பவளரதி கேட்டா:
ஒன்பது வீட்டுக்கு ஒரு கக்கூசு,
வெளியில வாளியோட தட்டிக்கொண்டே நிப்பினம்,
குச்சி ஒரு கையில, போத்தல் ஒரு கையில,
டோர்ச்சை எதில பிடிக்கிறது?
துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
மூன்றாவது கையைப் பற்றி
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

போன மாதம் கொடுத்தது நாற்பது.
திரும்பியது பதின்மூன்று.
ரிஃபாயா உம்மா தன்னுடையதைக்
கழுவி, வெயிலில் காயவைத்து,
பாவிக்கேல்லை மிஸ், வேற ஆருக்கும் குடுங்கோ
என்று கொண்டுவந்து தந்தா.
ஒன்று மட்டும்
கிரீம் கிறேக்கர் உறைக்குள், பிறகு சொப்பிங் பையில்,
பிறகு பழைய பத்திரிகையில், பிறகு நூல் சுற்றி,
நான் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து
மேசையில் வைக்கப்பட்டிருந்தது.
எல்லாம் சரியாக இருந்தது.
அரிசியளவு. மூடி இறுக்கம்.
பெயர் எழுதும் இடம் வெறுமை.

பெயரில்லாததை ஆய்வுகூடம் எடுக்காது.
சிவப்புப் பையில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு
மிச்சம் இருபத்தெட்டுப் பேருக்கும் அடித்தேன்.
நீங்கள் ஏதும் வைத்துவிட்டுப் போனீங்களோ?
நானில்லை. நானில்லை. பிழையான நம்பர்.
நானில்லை, மகள் வெளிநாட்டில, நேரமில்லை.
இணைப்புத் துண்டிப்பு.
நானில்லை.

பத்தொன்பதாவது,
கொட்டாஞ்சேனை அந்தோனிமுத்து,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
நானில்லை, என்றார்.
வைக்கவில்லை.
பின்னால் ஒரு மின்விசிறி கரகரக்கிறது.
அதில ஏதும் இருந்ததாமா, என்று கேட்டார்.

பார்க்கவில்லை ஐயா.
வியாழக்கிழமை வாங்கோ.
பெயரை நானே எழுதித் தாறன்,
உள்பக்கமாகத் திருப்பி ஒட்டுவம்.

வியாழன் விடியமுதலே மழை.
மருந்து வரிசை குடைகளால் தடித்திருந்தது.
மீதி ஒன்பது பேருக்கு இன்னும் அடிக்கவில்லை.
பேனை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
தூணுக்கு இந்தப் பக்கமாக
கதிரையை
கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.