ஏழாம் பாத்தி

செப்டம்பரில் இருபத்தொரு பாத்தி அளந்தோம்,
உயுனி உப்புவெளியின் தென்கரையில்.
ஏழு ரகக் கினோவா, ஒவ்வொன்றும் மூன்று இடத்தில்:
மேட்டில், சரிவில்,
மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும்
உவர்விளிம்பில்.
கயிறு நேராக இருந்தது.
காஸ்தோ யங்கே கேட்டார்:
“காற்றுக்கு இந்தக் கயிறு தெரியுமா, பொறியாளரே?”

அக்டோபரில் மூன்று நாள் மணல் பறந்தது.
உவர்விளிம்பின் ஏழாம் பாத்திதான்
காற்றுக்கு முதல் வாசல்;
முளைத்தவை முளைத்த இடத்திலேயே புதைந்தன.
பெயரட்டைகளை லாமாக்கள் தின்றன.
பாண்டேலா, தொலேதோ, பிசங்கல்லா
எல்லாம் ஒரே வயிற்றில்.
என்னிடம் வரைபடம் இருந்தது, பயமில்லை.
கொச்சபம்பா போய்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு
பன்னிரண்டு நாளில் திரும்பினேன்.
ஏழாவது ஊசியூசியாய்த் தலைநீட்டியிருந்தது.
‘மீண்டது’ என்று எழுதினேன்.

பள்ளத்தாக்கிலிருந்து வந்த நெட்டை ரகம்
டிசம்பர் முடிவதற்குள் என் இடுப்பைத் தொட்டது;
பூக்கலாமா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டே நின்றது.
கடலோரத்து ரகம் அவசரக்காரி.
பூத்தாள், முற்றினாள்,
தன் விதை இனிப்பென்று
பறவைகளுக்கும் சொல்லிவிட்டாள்.
கசப்பவை தப்பின.

ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன்:
அடியில் கண்ணாடித்தூள் மினுக்கம்.
வேர் குடித்த உப்பைச் செடி அங்கே
குமிழ் குமிழாகக் கட்டிவைக்கிறது.
நக்கினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிப்ரவரி ஒன்பது. விடியுமுன் மைனஸ் ஆறு.
நெட்டை ரகம் நின்றபடியே கறுத்தது,
வெந்த கீரை போல.
உவர்விளிம்பில் ஆறு பாத்தி பாதிக்கும் கீழ்.
ஏழாவது நின்றது. முழுதாக அல்ல;
செத்த தண்டுகளுக்கு நடுவில்
ஒரு சிவப்புக் கதிர், நான்கு வெளிர்மஞ்சள்,
அப்புறம் காக்கைக் கறுப்பில் ஒன்று.
ஒரே ரகத்தில் மூன்று நிறமா?
‘நிறமாற்றம். காரணம் உவரா?’
கேள்விக்குறியை இரண்டுமுறை அழுத்திப் போட்டேன்,
மேலிடத்தில் படித்து வியப்பார்கள் என்று.

ஏப்ரலில் அடித்துத் தூற்றி நிறுத்தேன்.
ஏழாவது: இரண்டு கிலோ நூற்று நாற்பது.
தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தேன்.
பிரிமித்திவா யுக்ரா உமியை உதறியபடி,
நிமிராமல் சொன்னாள்:

“அது உங்கள் விதை இல்லை.
மணல் மூடியபோது நீங்கள் இங்கில்லை.
வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு
எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை.
சமையலறை மூட்டையிலிருந்து போட்டேன்.”

எந்த ரகம்?

“எல்லாமும்தான்.
பனிக்கு ஒன்று போகும், உப்புக்கு ஒன்று போகும்,
மிச்சத்தைத் தின்போம்.
நீங்கள் எப்படி விதைப்பீர்கள்?”

காஸ்தோ தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ வெகுநேரம் தேடினார்.

விதிப்படி அந்தப் பாத்தி செல்லாது.
சிவப்பு மையில் கோடு இழுத்தேன்,
அடியிலிருக்கும் எண் தெரிகிற அளவுக்கு.
ரகம் என்ற இடத்தில் என் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அடுத்த பக்கத்தில் மழையளவை எழுதினேன்.

விதையைத் திருப்பித் தரச் சொன்னாள்.
அவள் மூட்டையிலேயே கொட்டினேன்;
கடைசி மணிவரை பையை உதறச் சொன்னாள், உதறினேன்.

ஓருரோ போகும் பேருந்தில்,
பல் போன பக்கம் வலிக்காமல்
நகத்தைக் கடித்தபோது
கசந்தது.