மைனஸ் பதினெட்டு

பிறையில் ஒரு குளிரறை.
பதினொரு ஆண்டுகளாய் அதற்குள்
இறால் பெட்டி எண்ணுகிறேன்.
அலாஸ்கா என்ன பெரிய அலாஸ்கா என்றேன்.
தவநேசன் சிரிக்கவில்லை.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் வரி: பருத்தி கூடாது.
அது எனக்குத் தெரியாதா.
வேர்வை குடித்த பருத்தி
ஐந்தாம் நிமிடத்தில்
முதுகில் ஒட்டிய ஈரச் சாக்கு.
குளிர் வாசல் வழியாக வருவதில்லை.
மணிக்கட்டில், கழுத்தில், காலுறை முடியும் இடத்தில்
சந்து பார்த்து நுழையும்,
மீன்கடைப் பூனை மாதிரி.

ஜெலுத்தோங்கில் பண்டல் கடை.
குவித்துக் கிடந்தன கோட்டுகள்.
ஐஸ் காச்சாங் கிண்ணத்தோடு
விசிறிக்கு முன்னால் நின்ற பையன்
"யாருக்குக்கா இதெல்லாம்?" என்றான்.
எனக்குத்தான் என்றதும்
கரண்டி வாயிலேயே நின்றது.
முப்பத்தைந்து ரிங்கிட்டுக்கு நீலமாய் ஒன்று.
உள்பையில்
கல்லாய் இறுகிய சூடுபை,
ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு.
பனிமலைக்கு மேலே இழுத்துப்போகும் வண்டிக்கு உரியதாம்,
அஸ்லினா கைப்பேசியைக் காட்டிப் படித்துச் சொன்னாள்.
என்னைவிட இந்தக் கோட்டு
ஊர் பார்த்திருக்கிறது.
சீட்டை எடுக்கவில்லை.
அதன் பாஸ்போர்ட் அதனிடமே இருக்கட்டும்.

ஒன்பதாம் மாடி. ஏப்ரல்.
விசிறி ஐந்தில் சுற்றியும் காற்றில்லை.
உள்ளாடை மேல் கம்பளி, அதன் மேல் கோட்டு,
அதன் மேல் மழைக்கு ஒன்று என
அத்தனையும் போட்டுப் பார்த்தார்.
இரண்டு கையும் கீழே இறங்கவில்லை.
பிஸ்கட் கொடுக்க வந்த எதிர்வீட்டுச் சீன அம்மா
கம்பிக்கதவுக்கு வெளியே நின்று
மேலும் கீழும் பார்த்துவிட்டு
டப்பாவைத் தரையில் வைத்துப் போய்விட்டார்.

கையுறைக்கும் பரீட்சை.
எங்கள் குளிர்பெட்டியில்
கெம்போங் மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவில்
கையை விட்டுக் கடிகாரம் பார்த்தார்.
"ஏழு நிமிஷம்! ஒன்றும் ஆகலை!"
பெட்டிக்குள் காற்றடிக்காதே என்றேன்.
கொல்லுவது பனியில்லை, காற்று.
அதைவிட, சும்மா நிற்பது.
முகம் தொங்கிப்போய்
பட்டியலில் குரங்குக்குல்லா சேர்த்தார்.
உதட்டுக்குக் களிம்பு, கறுப்புக் கண்ணாடி,
பத்து மணிக்கும் சூரியன் போகாதாம்,
தூங்க ஒரு கண்பட்டி.

கடலைப் பற்றித்தான் எனக்குப் பயம்.
நான் அறிந்த கடல் பெர்ரி அளவு.
மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமல்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
நாசி லெமாக் பாதி தின்பதற்குள்
பலகை இறங்கிவிடும், கரை வந்துவிடும்.
ஏழு நாள் கடல்
எப்படி இருக்கும்?
இஞ்சி மிட்டாய், கோடாலித் தைலம்,
டாக்டர் கொடுத்த மஞ்சள் மாத்திரை.
அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில்
ஆட்டம் குறைவாம். சன்னல் கிடையாது.
விலையும் குறைவு.
மூன்று கூட்டுப் பணத்துக்கு அவ்வளவுதான்.

அவருக்குப் பனிச்சுவர் உடைந்து விழும்
சத்தம் கேட்க வேண்டும்.
பள்ளி வேன் ஓட்டுகிறவர்,
காது முழுக்கப் பிள்ளைகள் கூச்சல்.
அதைவிடப் பெரிதாய் ஒரு சத்தம்,
அதற்குப் பின் ஒன்றுமே இல்லாத ஓர் அமைதி
என்றார்.
உனக்கு என்றார்.

யோசித்தேன்.
குளிரில் நிற்க வேண்டும்.
கையில் அட்டையில்லாமல்,
எத்தனை பெட்டி என்று வெளியிலிருந்து
யாரும் கத்தாமல்.
சும்மா நிற்கக் கூடாதென்று
நான்தானே சொன்னேன்.

பெட்டி இருபத்துநான்கு கிலோ காட்டியது.
சம்பால் புட்டியை எடுக்கச் சொன்னார்,
அவருடைய இரண்டாவது பூட்சை எடுத்தேன்.

படுத்த பிறகு கேட்டார்,
வெளியே எவ்வளவு நேரம் தாங்கும்?
எங்கள் அறையில் இருபது நிமிடம்.
கதவுக்கு உட்புறம்
இருட்டிலும் ஒளிரும் பச்சைப் பிடி இருக்கிறது,
தள்ளினால் பிறை வெயில்.

அங்கே கதவு எந்தப் பக்கம் இருக்கும்
என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.
அவர் தூங்கிவிட்டார்,
கண்பட்டி கட்டிக்கொண்டு.